சிறு பலகையில் ஊரை வரைதல்: வெளியிடத்தில் எண்ணெய் வண்ணம் தீட்டுவோருக்கு

கும்பகோணத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டில் ஒளிப்படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகியிருக்கிறேன். இப்போது ஊரை நேரில் பார்த்து வரைய ஆசை. 16க்கு 20 அங்குலக் கேன்வாஸை எடுத்துக்கொண்டு காவிரிக் கரைக்குப் போனால், பாதி முடிவதற்குள் வெயில் இடம் மாறிவிடுகிறது. மரங்களின் பச்சை கண்ணைக் குத்துகிறது. ஸ்கூட்டரில் வீடு திரும்புவதற்குள் வண்ணம் இழுபட்டுப் போகிறது. எந்த அளவில், எந்த நேரத்தில், எந்தப் பொருள்களோடு போக வேண்டும்? நிலக்காட்சிக்கு ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்கள்தான் ஏற்றவையா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவை அதைப் பொறுத்தே அமைகின்றன. உங்கள் ஊரே போதும். பழகும் காலத்தில் மலைவாசத் தலங்களைவிட அதுவே நல்லது. நேற்று காலை ஏழு மணிக்குப் பார்த்த படித்துறையை இன்றும் அதே ஏழு மணிக்குப் பார்க்க முடியும் என்பது, வெளியில் வரைபவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய வசதி. இங்கிலாந்தின் நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் தம் தந்தையின் மாவு ஆலைகள் இருந்த ஸ்டோர் ஆற்றுப் பகுதியையே வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்ப வரைந்தார். காவிரிக்கரைக்காரருக்கு இன்னொரு பேறும் உண்டு. நீர் இருப்பு இடம்கொடுக்கும் ஆண்டுகளில் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுவது வழக்கம் என்பதால், ஒரே படித்துறை புதுவெள்ளமும் தெளிந்த நீரும் வெறும் மணலுமாக மூன்று வெவ்வேறு காட்சிகளை ஓராண்டுக்குள் தந்துவிடுகிறது.

இனி அளவு. 6க்கு 8 அங்குலத்துக்கு மேல் இப்போது வேண்டாம். உங்கள் கேன்வாஸின் பரப்பு 320 சதுர அங்குலம். இந்தப் பலகையின் பரப்பு 48 மட்டுமே, அதாவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. வெளியில் வரையும்போது பரப்பு என்பது நேரம், ஏனெனில் நம் பகுதியில் சூரியன் சாய்வாக அன்றி ஏறக்குறையச் செங்குத்தாகவே மேலேறுகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரிய உதயத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்து, ஒரு மரத்தின் நிழல் அதன் உயரத்தைப் போல நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இரண்டாம் மணி நேர முடிவில் அது இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கும். மூன்றாம் மணி நேர முடிவில் மரத்தின் உயரமே நிழலின் நீளமாகிவிடும். காட்சிக்கு வடிவம் கொடுக்கும் நீண்ட நிழல்கள் நிலைப்பது இவ்வளவு குறுகிய நேரத்துக்குத்தான் என்னும்போது, ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முழுவதும் மூடிவிடக்கூடிய பலகையைக் கொண்டுபோவதே விவேகம். காலை ஆறரை முதல் எட்டு வரை, மாலை நான்கரை முதல் ஆறு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்கும் நாள்களில் ஒளி மெதுவாகவே மாறும் என்பதால், மழை இல்லாத மப்பு நாள் கற்றுக்கொள்பவருக்கு இரண்டு மணி நேரம்கூடத் தரும். அத்தகைய நாளை வீணாக்காதீர்கள். பெரிய கேன்வாஸை வீட்டில் வைத்திருங்கள். ஒரே இடத்தின் நான்கைந்து சிறு படங்கள் சேர்ந்த பிறகு, அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு அதைத் தொடங்கலாம்.

பலகைக்கு, ஹார்ட்போர்டு அல்லது எம்.டி.எஃப். அட்டையைத் தச்சரிடம் அறுத்து வாங்கி, இரு பக்கமும் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடித்தளமாகும் வெள்ளைப் பூச்சு) பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் நம் ஈரக்காற்றில் அது வளையக்கூடும். வரையும் பக்கத்துக்கு இரண்டு மூன்று பூச்சு கொடுத்து, கடைசியில் நீர்த்த பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) அல்லது யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) அக்ரிலிக்கை மெல்லியதாகத் தடவி உலரவிடுங்கள். வெள்ளைப் பலகை வெளியில் கண்ணைக் கூசச் செய்து, எல்லா நிறமும் அதன்மேல் கருமையாகத் தெரியும்படி ஏமாற்றும். பழகுவதற்கு 300 ஜி.எஸ்.எம். தாளும் போதும். ஆனால் ஜெஸ்ஸோ பூசாத தாளில் வரைய வேண்டாம். எண்ணெய் இறங்கி நாளடைவில் தாள் நொறுங்கிப்போகும்.

வண்ணங்களில் டைட்டானியம் வெள்ளை, லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், கேட்மியம் ரெட், அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு), அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா ஆகிய ஏழு குழாய்கள் போதும். இதில் பச்சை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் பச்சை கண்ணைக் குத்துவதற்குக் காரணம், குழாயிலிருந்து நேரே எடுத்த பச்சையாகவே பெரும்பாலும் இருக்கும். லெமன் யெல்லோவையும் அல்ட்ராமரினையும் கலந்து, அதில் துளி பர்ன்ட் சியன்னாவைச் சேர்த்தால் வரும் பச்சை நம் மரங்களுக்கு மிக அருகில் நிற்கும். அடுத்தபடியாக, எந்தப் பச்சை எங்கே என்று பாருங்கள். தென்னங்கீற்றின் மேற்பரப்பு பளபளப்பானது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அது வானத்தை வாங்கிச் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். அதே கீற்றை வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் ஒளி ஊடுருவி மஞ்சள் பச்சையாக எரியும். நாற்றங்காலின் இளம்பச்சையில் மஞ்சள் மிகுதி. நட்டு முடித்த வயலிலோ பயிருக்கு இடையில் நீர் தெரிவதால் பாதிக்குப் பாதி வானத்தின் நிறமே இருக்கும். தொலைவு கூடக்கூடப் பச்சையிலிருந்து முதலில் விலகுவது மஞ்சள். ஆகவே அக்கரைத் தோப்புக்கு மஞ்சளைக் குறைத்து, வெள்ளையும் துளி அலிசரினும் சேருங்கள். தோப்பு தானாகப் பின்னால் போய்விடும்.

எங்கே நிற்பது என்பதில் அவசரம் வேண்டாம். ஊர் காவிரிக்குத் தெற்கே இருப்பதால், நீங்கள் பெரும்பாலும் தென்கரைப் படித்துறையில் வடக்கு நோக்கி அமர்வீர்கள். காலை வெயில் வலப்புறத்திலிருந்து வரும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் வெளிச்சம் உங்கள் வலத்தோளுக்குப் பின்னிருந்து விழுந்து அக்கரை தெளிவாக மலரும்; ஆனியில் வடகிழக்கில் உதிப்பதால் அதே அக்கரை பாதி நிழலுருவமாக நிற்கும். இரண்டுமே வரையத்தக்கவை, ஆனால் தொடக்கத்தில் நிழலுருவம் எளிது, ஏனெனில் நுணுக்கங்களை ஒளியே அழித்துவிடுகிறது. உட்கார்ந்ததும் பலகையும் பேலட்டும் இரண்டுமே நிழலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பலகைமேல் நேர்வெயில் பட்டால் நிறங்கள் அளவுக்கு மீறி வெளுத்துத் தெரியும்; அதை ஈடுகட்ட நீங்கள் கருமையாகக் கலப்பீர்கள்; வீட்டுக்குள் கொண்டுவந்ததும் படம் இருண்டு கிடக்கும். குடை பிடிப்பதானால் கறுப்புக் குடையே ஏற்றது, வண்ணக் குடை தன் சாயலைப் படத்தின்மீது பாய்ச்சும். வெள்ளை உடை ஈர வண்ணத்தில் எதிரொளிக்கும் என்பதால் அடர்நிற மேலுடை உடுத்திக்கொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி அமர்ந்தால், கூட்டம் தோள்மீது சாயாது. கோயில் வளாகத்திலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களிலும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவது முறை.

வேலையைத் தொடங்கும்போது, அட்டையில் 3க்கு 4 அங்குலச் சன்னல் ஒன்றை வெட்டி அதன் வழியே பார்த்துக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பென்சிலால் தீப்பெட்டி அளவில் ஒரு சிறு வரைவு போட்டு, அதை இருள், நடுத்தரம், ஒளி என்னும் மூன்றே படிநிலைகளில் நிரப்புங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் படம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். அதன்பின் டர்பென்டைனில் நீர்த்த பர்ன்ட் சியன்னாவால் பலகையில் உருவங்களைக் குறித்து, நிழல்களை முதலிலேயே முழுதும் போட்டுவிடுங்கள். போட்ட நிழலை மாற்றாதீர்கள். முக்கால் மணி நேரம் கழித்து நிழல் நகர்ந்திருக்கும், அழகாகவும் இருக்கும், அதைத் துரத்திக்கொண்டு போனால் ஒரே படத்தில் இரண்டு சூரியன்கள் வந்துவிடும். இருண்ட பகுதிகளை மெல்லியதாகவும் ஒளிமிக்க பகுதிகளைத் தடிப்பாகவும் இடுங்கள். டர்பென்டைன் கலந்தது அடியிலும் எண்ணெய் மிகுந்தது மேலேயும் இருந்தால் வெடிப்பு வராது. சிறு பலகை என்பதற்காகச் சிறு தூரிகையை எடுக்க வேண்டாம். அரை அங்குலத் தட்டைத் தூரிகையால் முக்கால் பங்கு வேலையை முடித்துவிடலாம்.

இங்கே, பழகிய இடத்தில் உள்ள ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். தெரிந்த ஊரை வரையும்போது, கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு நமக்குத் தெரிந்ததை வரைகிறோம். ஆறு நீலம் என்று மனம் சொல்கிறது. புதுவெள்ளக் காவிரியோ செம்மண் கலந்த பழுப்பு. நீரில் விழும் எதிரொளிப்பில் இருண்ட மரம் சற்று வெளுத்தும், வெளிறிய சுவர் சற்று இருண்டும் தெரியும். மரத்தின் இருண்ட எதிரொளிப்பில்தான் வண்டல் நீரின் சொந்தப் பழுப்பு மேலே வரும். சாரங்கபாணி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்குப் பதினொரு நிலை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தி வெயில் பின்னாலிருந்து வரும்போது கிழக்கு முகம் முழுதும் ஒரே ஊதா நிழல். மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களையும் எட்டு அங்குலத்தில் எண்ணி வைக்க முயன்றால், குளத்தின் ஒளி போய்விடும்; இரண்டை மட்டும் ஒழுங்காக வரைந்து, மற்றவற்றை நிறத் திட்டுகளாக விட்டுவிடுங்கள். இதற்குப் பயிற்சி, கண்களைப் பாதி மூடிப் பார்ப்பதுதான். அப்படிப் பார்க்கும்போது எது மறைகிறதோ அதைப் படத்திலும் விட்டுவிடலாம்.

ஈரப் படத்தைக் கொண்டுவருவது எளிது. ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் கார்க் துண்டுகளைக் கொடுத்து, ரப்பர் பேண்டால் இறுக்கிவிட்டால் ஒன்றையொன்று தொடாது. இதற்காக எப்போதும் இரண்டு பலகையோடு புறப்படுங்கள். டைட்டானியம் வெள்ளை மெதுவாக உலரும் தன்மையுடையது. லிக்வின் போன்ற ஆல்கிட் ஊடகத்தை (விரைவில் உலரவைக்கும் கலவையை) வெள்ளையில் சிறிது கலந்தால் மெல்லிய பூச்சுகள் ஏறத்தாழ ஒரு நாளில் தொடும் பதத்துக்கு வரும். ஒட்டிக்கொண்ட பூச்சியையும் தூசியையும் ஈரத்தில் நோண்டாமல், உலர்ந்தபின் தட்டிவிடுங்கள்.

மிகுந்த அக்கறையோடு சொல்ல வேண்டியது துணியைப் பற்றி. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூடி வைத்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரியும் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் இருக்கைப் பெட்டியில் அதை வைக்கவே கூடாது. தண்ணீர் உள்ள மூடிய டப்பாவில் போட்டு எடுத்துவந்து, வீட்டுக்கு வெளியே விரித்து உலர்த்திய பின் அப்புறப்படுத்துங்கள். டர்பென்டைனை ஆற்றிலோ வயலிலோ கொட்டாதீர்கள். மூடி வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம்.

படத்தின் பின்புறத்தில் தேதி, நேரம், வானத்தின் நிலை, நின்ற இடம் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட்டில் வரைந்த மேகப் படங்கள் பலவற்றின் பின்புறத்தில் கான்ஸ்டபிள் நாளையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்துவைத்தார். அடுத்த ஆண்டு அதே வெளிச்சத்துக்கு எப்போது போக வேண்டும் என்பதை உங்களுக்கும் இந்தக் குறிப்பே சொல்லும். உலர்ந்த படத்தை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சணமும் ஏறும். நேர்வெயில் படாத வெளிச்சமான சுவரில் மாட்டி, குறைந்தது ஆறு மாதம் சென்ற பிறகு வார்னிஷ் பூசுங்கள். வெள்ளையைத் தடிப்பாக இட்ட இடங்கள் இருந்தால் ஓராண்டு பொறுப்பது நல்லது.