சுவருக்குள் ஒழுகும் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

கண்ணுக்குத் தெரியாத நீர்க்கசிவு பற்றிக் கொழும்பு வாசகர்கள் எழுதியவற்றில் ஆறு கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களுடையது பழைய தனி வீடு. மேலே 1000 லீற்றர் தாங்கி இருக்கிறது. மாதம் 18 அலகு வந்த தண்ணீர் பில் இரண்டு மாதமாக 31 அலகு காட்டுகிறது. சுவரிலோ தரையிலோ ஈரமே இல்லை. குளியலறை டைல்ஸை உடைத்துப் பார்க்கலாம் என்கிறார் பிளம்பர். அதற்கு முன் கசிவு காட்டும் கருவி ஏதாவது வாங்கலாமா?
– த. சி., வெள்ளவத்தை

பதில்: டைல்ஸில் கை வைக்க விடாதீர்கள். கருவியும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள். ஓர் அலகு என்றால் 1000 லீற்றர். மாதம் 13 அலகு கூடியிருப்பதால், நாளுக்கு ஏறக்குறைய 430 லீற்றர் போகிறது. மணிக்கு 18 லீற்றர், நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர். இவ்வளவு தண்ணீர் சுவருக்குள் போயிருந்தால் இதற்குள் வண்ணப்பூச்சு உரிந்திருக்கும். எங்கும் ஈரம் இல்லையென்றால் அது நேரே வடிகாலுக்கோ மண்ணுக்கோ போகிறது. கொமட், தாங்கியின் வழிவுக் குழாய், நிலத்தடிக் குழாய் ஆகிய மூன்றும்தான் முதல் சந்தேகம். கடற்கரைப் பக்கத்து மணல் நிலம் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடுவதால், நிலத்தடிக் கசிவு மேலே தெரியாமலே மாதக்கணக்கில் ஓடும்.

எந்தப் பகுதி என்பதை ஒரே இரவில் கண்டுபிடிக்கலாம். இரவு 10 மணிக்குத் தாங்கி நிரம்பியிருக்க வேண்டும். தாங்கிக்குள் வரும் குழாயின் வால்வை மூடுங்கள். வால்வு இல்லையென்றால் மிதவையை மேலே தூக்கிக் கயிற்றால் கட்டுங்கள். தாங்கியின் நீர்மட்டத்தை ஒரு தடியில் அடையாளமிடுங்கள். மீற்றரில் கறுப்பு இலக்கங்களோடு, லீற்றரைக் காட்டும் சிவப்பு இலக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவுத் தேவைக்கு இரண்டு வாளி நிறைத்து வையுங்கள். விடியும்வரை யாரும் பைப்பைத் திறக்கக் கூடாது, கொமட்டையும் அடிக்கக் கூடாது. காலை 4 மணிக்கு எழுந்து இரண்டையும் பாருங்கள்.

மீற்றர் ஓடியிருந்தால் கசிவு மீற்றருக்கும் தாங்கிக்கும் இடையில் இருக்கிறது. சமையலறை, முற்றத்துப் பைப்புகளுக்கு நேரடி இணைப்பு இருந்தால் அவையும் இதற்குள் அடக்கம். மீற்றர் நின்று, தாங்கி மட்டம் இறங்கியிருந்தால் கசிவு தாங்கிக்குக் கீழே. 1 மீற்றர் விட்டமுள்ள தாங்கியில் மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்க ஏறக்குறைய 8 லீற்றர் போக வேண்டும். உங்கள் கணக்குப்படி ஆறு மணி நேரத்தில் 108 லீற்றர், அதாவது 13, 14 சென்ரிமீற்றர். அரை சென்ரிமீற்றர்தான் இறங்கியது என்றால் முழுக் குற்றவாளி அங்கே இல்லை. இரண்டுமே அசையவில்லையென்றால் தாங்கியின் மிதவை வால்வு சரியாக மூடவில்லை. ஊர் தூங்கும் நேரத்தில் பாவனை குறைந்து பிரதான குழாயில் அழுத்தம் கூடும். தேய்ந்த மிதவை வால்வு அந்த அழுத்தத்துக்குத் தாக்குப்பிடிக்காது. வழிவுக் குழாய் பீலியிலோ வடிகாலிலோ விழுந்தால் விடியும்போது தடயமே இருக்காது.

சோதனை தொடங்குவதற்கு முன் நேரடிப் பைப் ஒன்றைத் திறந்து அழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றிரவு நீர் விநியோகமே இல்லையென்றால் மீற்றர் நிற்பதற்கு அர்த்தமில்லை.

கசிவு தாங்கிக்குக் கீழே என்று தெரிந்தால் கொமட்டில் தொடங்குங்கள். கேக்குக்குப் போடும் நிறச்சாயத்தைப் பத்துத் துளி சிஸ்டனில் விட்டு 20 நிமிடம் அடிக்காமல் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் போய்விட்டது. சீலை மாற்றினால் போதும்.

கசிவு நிலத்துக்குள் இருக்கும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் என்றால் ஒட்டுப் போட வேண்டாம். ஓரிடத்தில் துருப்பிடித்துத் துளை விழுந்த குழாய் அடுத்த முழத்திலும் விழும். அந்தக் குழாயைக் கைவிட்டு வெளிச்சுவரோடு புதிய பி.வி.சி. குழாய் எடுங்கள். வெயிலில் பி.வி.சி. நொறுங்கும் என்பதால் அதற்கு வர்ணம் பூசுவது அவசியம்.

இதெல்லாம் முடிந்தபின் கருவி வாங்கினால், உங்கள் வீட்டுக்கு ஏற்றது தாங்கி மட்டத்தை அளக்கும் மீயொலிச் சென்சர். இரவில் மட்டம் இறங்கினால் அது போனுக்குச் செய்தி அனுப்பும். நீர்ப்புகா வகையாகப் பாருங்கள். இந்த வகை பெரும்பாலும் 20–25 சென்ரிமீற்றருக்குக் கிட்டே இருப்பதை அளக்காது. அதனால் நிரம்பிய மட்டத்துக்கு மேல் அவ்வளவு இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். முகப்பில் நீராவி படிந்தாலும் தவறாகக் காட்டும்; அவ்வப்போது துடையுங்கள்.

மீற்றருக்கு முன்னால், வீதிப் பக்கம் கசிவு என்றால் அது நீர் வழங்கல் சபையின் வேலை. 1939 இற்கு அழைத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன், கசிவு வந்தால் தானே தண்ணீரை நிறுத்தும் கருவி ஒன்றை அனுப்பியிருக்கிறான். மீற்றருக்குப் பக்கத்தில் பூட்டச் சொல்கிறான். இங்குள்ள பிளம்பர் தயங்குகிறார்.
– திருமதி ச., கொட்டாஞ்சேனை

பதில்: பிளம்பர் தயங்குவது நியாயம், அம்மா. அங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் பிரதான குழாயின் அழுத்தம் நேரே ஒவ்வொரு பைப்புக்கும் போகிறது. மீற்றருக்குப் பக்கத்தில் மூடினால் வீடு முழுவதும் நின்றுவிடும். உங்கள் வீட்டில் மேலே தாங்கி இருந்தால் கதை வேறு. மீற்றர்ப் பக்கம் மூடினாலும், தாங்கியில் உள்ள 1000 லீற்றரும் உடைந்த இணைப்பு வழியாக அறைக்குள் வந்து முடியும். இங்கே மூட வேண்டிய இடம் தாங்கியிலிருந்து கீழே இறங்கும் குழாய்.

கருவியையே அங்கே மாற்றிப் பூட்டலாமா என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. தாங்கிக்கும் பைப்புக்கும் உள்ள ஒவ்வொரு மீற்றர் உயரமும் 0.1 பார் அழுத்தம்தான் தரும். நாலு மீற்றர் உயரத்துக்கு 0.4 பார். அழுத்தம் இறங்குவதை வைத்துக் கசிவை உணரும் கருவிகள் இதைவிடப் பல மடங்கு அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. மின்காந்த வால்வு வகைகளில் பலவும் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காகத் திறந்து மூடாது.

மரையையும் பார்க்க வேண்டும். வட அமெரிக்க மரையும் இங்குள்ள பிரித்தானிய மரையும் அரை, முக்கால் அங்குலங்களில் அங்குலத்துக்கு 14 சுற்று என்று ஒன்றாகவே இருக்கும். ஆனால் பல்லின் கோணம் அங்கே 60 பாகை, இங்கே 55. அதனால் முதல் சில சுற்று ஏறும், ஏறியபின் ஒழுகும். எவ்வளவு டேப் சுற்றினாலும் சரிவராது. இரண்டு வகைக்கும் பொருந்தும் மாற்று இணைப்பு வேண்டும். மின்சாரத்துக்கு அடப்டரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 120 மட்டும் என்றால் நம் 230 வோல்ட்டில் செருகிய உடனே எரியும். அதோடு வந்த ஈரச் சென்சர்கள் ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பு வகை என்றால் இங்கும் வேலை செய்யும், அதன் அலைவரிசை உலகெங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ். இசட்-வேவ் என்ற மற்றக் கம்பியில்லா வகைக்கு அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு. இங்கு வாங்கும் வேறு பிராந்தியக் கருவியோடு அது பேசாது.

மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: சென்சர்களை வைத்துக்கொள்ளலாம். வால்வுக்கு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரித்து 12 வோல்ட் மோட்டாரால் இயங்கும் உருண்டை வால்வு (ball valve) ஒன்று வாங்கலாம். முழுத் துவாரம் உள்ளதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சவரில் தண்ணீர் நூலாகத்தான் வரும். இரு பக்கமும் யூனியன் போட்டு, சுற்றுப்பாதையில் கைவால்வு ஒன்றும் வைத்தால் மோட்டார் பழுதான அன்றும் வீட்டில் தண்ணீர் இருக்கும். மாதம் ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும். அசையாமலே கிடக்கும் வால்வு தேவைப்படும் நாளில் இறுகி நிற்கும்.

கேள்வி: தொடர்மாடியில் மூன்றாம் மாடி. சமையலறைச் சிலாப்பில் ஈரம் படர்கிறது. மேல்வீட்டார் தங்கள் வீட்டில் ஒழுக்கு இல்லை என்கிறார்கள். சென்சர் வைத்து நிரூபிக்க முடியுமா?
– எம். ஆர்., பம்பலப்பிட்டி

பதில்: முடியாது. சென்சர், தன் இரண்டு உலோக முனைகளையும் தண்ணீர் தொட்டால் மட்டும் சத்தமிடும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஈரம் படரும் நேரம்தான் சாட்சி. பென்சிலால் ஈரத்தின் ஓரத்தை வரைந்து, பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதி, ஒரு வாரம் காலையும் மாலையும் படமெடுங்கள். இரவு பகல் பாராமல் ஒரே சீராகப் பரவினால் அழுத்தத்தில் இருக்கும் விநியோகக் குழாய். மேலே குளித்த, துவைத்த பின்பு மட்டும் கூடினால் கழிவுக் குழாய் அல்லது தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு. மழைக்குப் பின் கூடினால் வெளிச்சுவர். மதியம் குளிரூட்டி ஓடும்போது மட்டும் என்றால் அதன் வடிகுழாய்.

கழிவுப் பக்கம் என்று தோன்றினால், மேல்வீட்டார் சம்மதத்தோடு அவர்களின் குளியலறைத் தரை வடிகாலை அடைத்து, நிறம் கலந்த தண்ணீரை 2.5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 24 மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். சிலாப்பில் வெடிப்போ கம்பி தெரிவதோ இருந்தால் அந்தப் பாரத்தை ஏற்ற வேண்டாம். ஈரம் விளக்குப் பொருத்தியை நெருங்கினால் அந்தச் சுற்றின் பிரேக்கரை இன்றே இறக்குங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுவதும் வயர்க் குழாய்க்குள் தண்ணீர் இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம்.

படங்களோடு முதலில் மேல்வீட்டாரிடம் நட்பாகப் போங்கள், குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பொதுக் குழாய் என்றால் மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கும் தீரவில்லையென்றால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது.

கேள்வி: இரண்டு அறை வீட்டுக்கு எத்தனை ஈரச் சென்சர் வேண்டும்? எங்கே வைப்பது?
– ஜே. பி., தெஹிவளை

பதில்: நாலு போதும்: சிங்கின் அடியில், துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால், கொமட்டுக்குத் தண்ணீர் வரும் வளையும் குழாயின் கீழ், ஹீட்டரின் கீழ். தரை சரியும் பக்கம் எது என்று ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, அது தேங்கும் இடத்தில் வையுங்கள். தரை துடைக்கும்போது கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றிப் போட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. துடைக்கும் நேரம் தூக்கி மேலே வைத்து, திரும்ப வைக்கச் சொல்லி வேலைக்கு வருபவரிடமும் சொல்லி வையுங்கள். கடற்காற்றில் உலோக முனைகளில் உப்பும் துருவும் படியும். மாதம் ஒரு தடவை ஈரத்துணியால் இரண்டு முனையையும் தொட்டுச் சத்தம் வருகிறதா பாருங்கள், பின் நன்றாகத் துடையுங்கள். மின்தடையில் ரவுட்டர் நின்றால் போனுக்குச் செய்தி வராது. ஆகவே தானே சத்தமிடும் வகையை மட்டும் வாங்குங்கள். காற்றின் ஈரப்பதத்தை அளந்து கசிவு சொல்வதாக விற்கும் கருவிகள் கொழும்பின் புழுக்கத்தில் பயன்படாது.

கேள்வி: தெர்மல் கமரா கொண்டுவந்து கசிவைக் காட்டுவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– கே. எஸ்., மட்டக்குளி

பதில்: சுடுநீர்க் குழாய்க்கு நம்பலாம். அரை மணி நேரம் ஹீட்டர் நீரை ஓடவிட்டால் கசியும் இடம் சூடாகத் தெரியும். குளிர்நீரில் அவ்வளவு தெளிவில்லை. நம் ஊரில் குழாய்த் தண்ணீருக்கும் சுவருக்கும் வெப்பநிலை வித்தியாசம் குறைவு. ஈரம் ஆவியாகும் குளிர்ச்சியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஊசி முனை ஈரமானியும் எச்சரிக்கையோடுதான்: உப்புப் பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் அதிக ஈரம் காட்டும். வருபவரிடம் கைப்பம்பும் அழுத்தமானியும் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாப் பைப்பையும் மூடி, குழாயில் 3 பார் ஏற்றி, 30 நிமிடம் முள் இறங்காமல் நின்றால் அந்தக் குழாயில் கசிவில்லை. கமராப் படத்தை மட்டும் காட்டிச் சுவரை உடைக்கச் சொன்னால் உடைக்க விடாதீர்கள்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று வாரம் யாழ்ப்பாணம் போகிறோம். என்ன செய்துவிட்டுப் போவது?
– ந. கு., வெள்ளவத்தை

பதில்: மீற்றருக்குப் பக்கத்து வால்வு, தாங்கியிலிருந்து இறங்கும் வால்வு, இரண்டையும் மூடுங்கள். ஹீட்டரையும் பம்பையும் பிரேக்கரிலேயே நிறுத்துங்கள். பம்ப் தானியங்கி என்றால் உடைந்த குழாய்க்குத் தொட்டி காலியாகும்வரை இறைத்துக்கொண்டே இருக்கும். சென்சர் செய்தி யாழ்ப்பாணத்துக்கு வந்து பயனில்லை, பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுங்கள். பல வருடம் திருப்பாத கேட் வால்வு மூடும்போது தண்டு முறியலாம், அல்லது அங்கேயே ஒழுகத் தொடங்கலாம். ஆகவே புறப்படும் காலையில் அல்ல, இரண்டு வாரம் முந்தியே திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் உருண்டை வால்வாக மாற்றிவிட நேரம் இருக்கும். கொமட் மூடியைப் போட்டு, தரை வடிகால்களையும் மீற்றர்க் குழியையும் மூடிவிட்டுப் போங்கள். டெங்கு நுளம்பு முட்டையிட்டுப் பெருக மூன்று வாரம் தாராளம்.