சுவருக்கு அந்தப் பக்கத்து வானொலி

அன்புள்ள சார்,

இரவில் எழுதும்போது ஜெர்மன் டீஜே பால் வான் டைக்கின் இசையைக் கேட்பேன் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். யூடியூபில் தேடிப் பார்த்தேன். யாரோ போட்ட பாட்டை ஓட்டிவிட்டுக் கையைத் தூக்குகிறார், கூட்டம் கத்துகிறது. இதில் கலை எங்கே சார்? கிண்டலில்லை, உண்மையிலேயே புரியவில்லை.

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கிண்டலாகவே கேட்டிருக்கலாம். கையைத் தூக்குவது எனக்கும் பிடிக்காது.

அவர் 1971இல் ஐசன்ஹூட்டன்ஷ்டாட்டில் பிறந்து கிழக்கு பெர்லினில் வளர்ந்தவர். அவர் கேட்க விரும்பிய இசைத்தட்டுகள் அங்கே கடையில் கிடைக்காது. ஆனால் நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவரால் ஆட்களைத்தான் நிறுத்த முடிந்தது. மேற்கு பெர்லின் வானொலி இந்தப் பக்கமும் நன்றாகவே எடுத்தது. பையன் அதைத்தான் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டு வரும், போகும். அட்டைப்படம் கிடையாது, விருப்பப்பட்டபோது திரும்பப் போடவும் முடியாது. அப்படிப் பழகிய காது அது.

1989இல், சுவர் விழச் சற்று முன்பு, மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போனார். அடுத்த வருடமே பெர்லினுக்குத் திரும்பிவிட்டார். அப்போது கிழக்குப் பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்களில் கிளப்புகள் முளைத்தன. பழைய வெர்ட்ஹைம் கடையின் நிலவறைப் பெட்டகத்தில் ட்ரெசோர், பழைய துணைமின் நிலையத்தில் இ-வெர்க். 1991இல் ட்ரெசோரில் முதன்முதலாக இசைத்தட்டு சுழற்றினார். அப்புறம் இ-வெர்க்கிலும் தொடர்ந்து வாசித்தார்.

அடுத்தவர் பாட்டு என்கிறீர்கள். சரிதான். ஆனால் ஒரு தட்டு ஓடும்போதே அடுத்ததை ஒரு காதில் மட்டும் கேட்டு, வேகத்தை நூலளவு கூட்டிக் குறைத்து, இரண்டும் ஒரே தாளத்தில் விழும்படி சேர்க்க வேண்டும். அதுகூடக் கைப்பழக்கம்தான். எதற்குப் பிறகு எது, தாளத்தை நிறுத்தி மெட்டை மட்டும் எவ்வளவு நேரம் தனியே விடுவது என்பதில்தான் ஆள் தெரிவார். அவர் வாசிப்பது டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசை; அதன் உயிரே அந்தக் காத்திருப்பு.

அவர் சொந்தமாகவும் இசையமைத்தார். ‘ஃபார் ஆன் ஏஞ்சல்’ 1994இல் அவருடைய முதல் ஆல்பத்தில் வந்தது. 1998இல் அதையே ரீமிக்ஸ் செய்தார்; அதன் பெயரிலேயே இ-வெர்க் இருக்கிறது. உலகம் முழுக்கப் போனது இந்த வடிவம்தான். 2005, 2006 இரண்டு ஆண்டும் டீஜே மேக் என்ற இசைப் பத்திரிகையின் வாக்கெடுப்பில் முதலிடம் கிடைத்தது. பின்னாளில் பாடகர்களை வைத்துச் செய்த சில பாட்டுகள் எனக்குச் சப்பென்று இருக்கும், அது வேறு விஷயம்.

2016 பிப்ரவரியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மேடையிலிருந்து கீழே விழுந்தார். முதுகெலும்பிலும் மூளையிலும் காயம். பேசவும் நடக்கவும் மறுபடி பழக வேண்டியிருந்தது. அதே ஆண்டில் மேடைக்குத் திரும்பினார், மறு ஆண்டு ஓர் ஆல்பமும் வந்தது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். ‘ஃபார் ஆன் ஏஞ்சல்’ இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹெட்போன் போட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு.