செஃபெரிஸ் ஏன் ராஜினாமா செய்யவில்லை?

வணக்கம்.

கிரேக்கக் கவிஞர் யோர்கோஸ் செஃபெரிஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். முப்பத்தாறு வருஷம் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்திருக்கிறார். பகலில் அரசாங்கக் கடிதம், ராத்திரியில் கவிதை என்று வாழ்ந்தவரைப் பெரிய கவிஞராக என்னால் ஏற்க முடியவில்லை. 1968இல் மெக்ஸிகோவில் மாணவர்களைச் சுட்டுக் கொன்றபோது ஒக்தாவியோ பாஸ் டெல்லித் தூதர் பதவியை விட்டு விலகினார். கிரேக்கத்தில் 1967இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது செஃபெரிஸ் ஏன் அப்படிச் செய்யவில்லை? இரண்டு வருஷம் ஏன் வாயே திறக்கவில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விலகுவதற்கு அவரிடம் பதவி இல்லை. லண்டன் தூதராக இருந்து 1962இல் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்த வருஷம் நோபல் பரிசு வந்தது. கர்னல்கள் ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு 67 வயது. தணிக்கைக்குத் தலையாட்டி எதையும் வெளியிட அவர் தயாராக இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் சொற்பொழிவாற்ற அழைத்தது. சொந்த நாட்டில் பேச முடியாதபோது வெளிநாட்டில் போய்ச் சுதந்திரமாகப் பேசுவது தகாது என்று மறுத்துவிட்டார். இந்த மறுப்பையும் பேச்சாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் 1969 மார்ச் 28 அன்று அவருடைய அறிக்கை பிபிசியில் ஒலிபரப்பானது. சர்வாதிகாரத்தின் தொடக்கம் எளிதாகத் தோன்றலாம், முடிவில் பெருந்துயரம் காத்திருக்கிறது என்றார். தூதர் என்ற கௌரவப் பட்டத்தையும் ராஜதந்திரக் கடவுச்சீட்டையும் அரசு பறித்துக்கொண்டது. 1971 செப்டம்பரில் அவர் இறந்தபோது, மிகிஸ் தியோடராகிஸ் இசையமைத்த அவருடைய கவிதையை, தியோடராகிஸின் இசைக்குத் தடை இருந்த காலத்தில், இறுதி ஊர்வலத்தில் வந்த கூட்டம் வாய்விட்டுப் பாடியது.

சரி, வேலையும் கவிதையும். ஸ்மிர்னாவில் (இன்று துருக்கியில் உள்ள இஸ்மிர்) பிறந்தவர் அவர். 1922இல் கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில் அந்த நகரம் எரிந்தபோது பாரிஸில் படித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போக ஊர் இல்லை. 1926இல் வேலைக்குச் சேர்ந்தார். 1941இல் ஜெர்மானியர் ஏதென்ஸை நெருங்கியதும் அரசாங்கத்தோடு கிரீட், எகிப்து, தென்னாப்பிரிக்கா என்று அலைந்தார். கப்பலில் எழுதும் பயணக் குறிப்பேட்டின் பெயரைத்தான் மூன்று தொகுப்புகளுக்கு வைத்தார். பல கவிதைகளின் அடியில் இடமும் தேதியும் இருக்கும். 'கடைசி நிறுத்தம்' என்ற கவிதையைப் பாருங்கள்: இத்தாலி, காவா தெய் திர்ரேனி, 1944 அக்டோபர் 5. ஒரு வாரத்தில் ஏதென்ஸ் விடுதலையாகப்போகிறது. நாடு கடந்த அரசாங்கம் ஊர் திரும்பக் காத்திருக்கிறது. கவிதையில் வெற்றிக் களிப்பே இல்லை. போர் மனிதர்களை என்ன செய்தது என்பதையும், அதிகாரத்துக்காக யார் யார் காத்திருந்தார்கள் என்பதையும் உள்ளே இருந்து பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். அந்த வேலை இல்லாவிட்டால் இந்தக் கவிதை இல்லை.

உங்கள் கேள்விக்கு முழு நியாயம் இருக்கிற இடம் சைப்ரஸ். பெய்ரூட்டில் பணியாற்றிய காலத்தில், 1953இல், முதல் முறையாக அந்தத் தீவுக்குப் போனார். இழந்த ஊர் திரும்பக் கிடைத்த மாதிரி அதை நேசித்தார். 1955இல் வந்த தொகுப்பை சைப்ரஸ் மக்களுக்கே சமர்ப்பித்தார். 1959இல், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அந்தத் தீவை கிரேக்கத்தோடு இணைக்காமல் தனி நாடாக்குவது என்று சூரிச், லண்டன் ஒப்பந்தங்கள் முடிவு செய்தபோது அவர் லண்டனில் தூதர். ஒப்பந்தத்தில் அவருக்கு உடன்பாடில்லை. மேலிடத்துக்கு அதைச் சொல்லவும் செய்தார். ஆனால் பதவியில் தொடர்ந்தார். பாஸோடு ஒப்பிடுவதென்றால் இந்த வருஷத்தை வைத்து ஒப்பிடுங்கள். அவர் செய்தது சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருந்தால் கொஞ்சமாவது தடுக்கலாம் என்று நம்பியிருப்பார், விசுவாசமான அதிகாரிகள் அப்படித்தான் நம்புகிறார்கள்.

சைப்ரஸ் கவிதைகளுக்குப் பிறகு அவருடைய அடுத்த தொகுப்பு 1966இல்தான் வந்தது. நடுவில் பதினோரு வருஷம். அதில் பாதிக்கு மேல் அந்த வேலை தின்றது. எனக்கு அவர் மேல் உள்ள வருத்தம் இதுதான்.