கிரீன் கார்டும் கல்யாணத் தேதியும்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) கேட்கும் ஐ-485 விண்ணப்பம் போட்டாயிற்று. "கார்டு கைக்கு வரட்டும், அப்புறம் பெண் பார்க்கலாம்" என்கிறார் அப்பா. சரிதானா?

பதில்: தம்பி, கணக்கு நேர்மாறானது. கார்டு ஒப்புதலாகும் நாளுக்கு முன்பே கல்யாணம் முடிந்திருந்தால், மனைவி உங்கள் விண்ணப்பத்தின் பேரிலேயே பின்னால் வந்து சேரலாம். ஒரு நாள் பிந்தினாலும், கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கான எஃப்2ஏ வரிசைதான். ஹெச்-1பியில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைக்கும் ஹெச்-4 விசா வழியும் அடைபட்டுவிடும். கல்யாணமான கையோடு ஆளுக்கொரு நாட்டில் காத்திருக்க நேரும். நிச்சயதார்த்தம் கணக்கில் வராது. பேசி முடித்த இடம் இருந்தால் பதிவுத் திருமணத்தை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக, மனம் ஒப்பாத இடத்துக்கு அவசரமாகத் தலையாட்ட வேண்டாம்.

கேள்வி: குவைத்தில் பிறந்த பெண்ணைக் கட்டினால் கிரீன் கார்டு வரிசை குறையுமாமே?

பதில்: உண்மைதான். இந்த வரிசை பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. ஆண்டுதோறும் தரும் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால்தான் இந்தியாவில் பிறந்தவர்கள் இவ்வளவு காலம் காத்துக் கிடக்கிறார்கள். பெண்ணின் பெற்றோர் இந்தியர்களாகவே இருந்தாலும், கணவன் மனைவி இருவரும் குவைத் கணக்கில் போகலாம். ஆனால் வரனைத் தேர்ந்தெடுக்க இது காரணமாகக் கூடாது.

கேள்வி: நாங்கள் கிரீன் கார்டு வைத்திருக்கிறோம். 26 வயது மகளுக்கும் கார்டு கேட்டு மனு போட்டிருக்கிறோம். இப்போது நல்ல வரன் வந்திருக்கிறது.

பதில்: அம்மா, இப்போது தாலி ஏறினால் அந்த மனு தானாகவே ரத்தாகிவிடும். பிறகு நீங்கள் குடியுரிமை வாங்கினாலும் அது உயிர்பெறாது, புதிதாகத்தான் போட வேண்டும். மனு போட்டவர் முதலில் குடியுரிமை பெற்று, அதன்பின் மகள் கல்யாணம் செய்தால், பழைய மனுத் தேதியோடு, குடிமக்களின் மணமான பிள்ளைகளுக்கான எஃப்3 வரிசைக்கு மாறும். அந்த வரிசையும் பல வருடம். பெற்றோரோடு சேர வேண்டுமானால் கல்யாணம் செய்யாதே என்று பிள்ளைகளிடம் சொல்லும் சட்டம் இது. எனக்கு இது கொடுமையாகவே படுகிறது. இதை முழுதாக மகளுக்கு விளக்கிவிட்டு, முடிவை அவளிடமே விடுங்கள்.

கேள்வி: தை மாதம் கல்யாணம். ஹெச்-4இல் போகிறேன். அங்கே வேலை பார்க்க முடியுமா?

பதில்: மாப்பிள்ளைக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக வேலை தருபவர் போடும் மனு) ஒப்புதலாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகியிருந்தால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2015 முதல் இந்த வழி உண்டு. பெரும்பாலும் அது இல்லையென்றால் வேலை இல்லை. சம்பளம் எவ்வளவு என்று பெண் வீட்டார் கேட்பதில்லையா, இதையும் கேட்கலாம். ஒப்புதல் கடிதத்தின் நகலையும் வாங்கிப் பாருங்கள். போன பிறகு உங்கள் பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும்.