படிவத்தைக் கொடுக்காமலே மறுத்துவிட்டார்கள்

கேள்வி: வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம், செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். ஆனாலும் பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் கைகளை வீசி நீந்துவேன். பள்ளியில் பூம்புகாருக்குச் சுற்றுலா போனபோது கடலுக்கடியில் பழைய கட்டடம் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னார். அன்றிலிருந்தே கடலுக்குள் இறங்கிப் பார்க்க ஆசை. போன ஜனவரியில் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் முழுகும் பயிற்சி) மையத்தில் 5,500 ரூபாய் கட்டி ஒருநாள் முழுக்குக்குப் பதிவு செய்தேன். நேரில் போனதும் சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டு, 'உங்களுக்கெல்லாம் இது சரிப்படாது' என்றார் பொறுப்பாளர். கேள்வியும் இல்லை, கூட வந்த நண்பர்களுக்குக் கொடுத்த படிவமும் எனக்கு இல்லை. வற்புறுத்தியபோது, 'கூடுதலாக இரண்டு பயிற்றுநர் வேண்டும், மூன்று மடங்கு கட்டினால் பார்க்கலாம்' என்றார். கட்டிய பணமும் திரும்ப வரவில்லை. 'கால் நடக்காதவனுக்குக் கடல் எதற்கு' என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். சட்டத்தில் எனக்கு இடமிருக்கிறதா?

பதில்: இருக்கிறது தம்பி. முதலில் வீட்டார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வேலை, கல்வி, உதவித்தொகையோடு நிற்கவில்லை. பொழுதுபோக்கில் பங்கேற்கும் உரிமையை 29ஆம் பிரிவும், விளையாட்டில் பங்கேற்கும் உரிமையை 30ஆம் பிரிவும் சொல்கின்றன. ஆசைப்படுவதற்கு நீங்கள் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அந்த மையம் செய்ததை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'இவர் நீருக்குள் இறங்கலாமா' என்று சோதிக்க அவர்களுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. சோதிக்காமலே நாற்காலியைப் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுக்க உரிமை இல்லை. உங்கள் வழக்கின் உயிர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சட்டத்தின் 3(3) பிரிவு, ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஒரே விலக்கு, நியாயமான ஒரு நோக்கத்துக்காக, அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும் எடுத்த நடவடிக்கை என்று காட்ட முடிவது. உயிர்ப் பாதுகாப்பு நியாயமான நோக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நோக்கத்தை அடையும் வழி எல்லா ஸ்கூபா மையங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. நீரில் இறங்கும் முன் ஒவ்வொருவரிடமும் ஒரு மருத்துவக் கேள்விப் படிவம் நிரப்பி வாங்குவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய், முதுகெலும்புக் காயம் என்று கேள்விகள் வரும். குறிப்பிட்ட கேள்விகளுக்கு 'ஆம்' என்று எழுதினால் மருத்துவரின் சம்மதக் கடிதம் வேண்டும். உங்களோடு வந்த நண்பர்களுக்குக் கொடுத்த படிவத்தை உங்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை என்றால், 'பாதுகாப்புக்காக மறுத்தோம்' என்ற வாதம் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும்.

உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்த ஜீஜா கோஷ் வழக்கு இதற்கு நெருக்கமானது. மூளை முடக்குவாதம் உள்ள அந்தப் பெண்மணியை, 2012இல் ஒரு விமானத்தில் இருக்கையில் அமர்ந்த பிறகு இறக்கிவிட்டார்கள். மருத்துவ ஆலோசனை எதுவும் பெறாமல் எடுத்த முடிவு அது என்பதை நீதிமன்றம் கவனித்தது. பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பார்வையை வைத்து மருத்துவம் பார்க்காதே என்பதுதான் அந்தத் தீர்ப்பிலிருந்து நமக்குக் கிடைப்பது.

மூன்று மடங்குக் கட்டணம் சற்றுச் சிக்கலான விஷயம். தேவையான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே சட்டம் கருதுகிறது. அந்த மாற்றங்களுக்கான செலவை மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 3(4) சொல்கிறது. இது உங்கள் பக்கம். ஆனால் 'அளவுக்கு மீறிய சுமை' ஆகாத மாற்றங்களைத்தான் சட்டம் கேட்கிறது. நாலைந்து பேர் வேலை பார்க்கும் சிறிய மையம், 'ஒருவருக்கு மூன்று பயிற்றுநர் எங்களால் கட்டுப்படியாகாது' என்று வாதிடலாம். அந்த வாதத்தை எந்த நீதிபதியும் கேட்டுத்தான் முடிவு செய்வார். அதனால் அந்த மூன்று மடங்குக் கணக்கை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். சோதிக்காமல் மறுத்ததுதான் நமக்கு உறுதியான தரை.

பணத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 போதும். காசு வாங்கிக்கொண்டு சேவை தராதது சேவைக் குறைபாடு. இதற்காக நீங்கள் இராமநாதபுரம் அலைய வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் நீதிமன்றக் கட்டணமும் இல்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். பணத்தைத் திரும்பக் கேட்பதோடு மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் கேளுங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு காலக்கெடு. 'ரத்து செய்தால் பணம் திரும்பாது' என்ற நிபந்தனையை அவர்கள் காட்டுவார்கள். ரத்து செய்தது நீங்கள் இல்லை, அவர்கள் என்று எழுதுங்கள்.

பாகுபாட்டுக்கு, சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் தனியாக மனு கொடுங்கள். சாட்சிகளை வரவழைப்பதில், ஆவணங்களைக் கேட்டு வாங்குவதில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அங்கே நீங்கள் கேட்க வேண்டியது ரூபாயை அல்ல. எல்லோருக்கும் தரும் படிவத்தை மாற்றுத்திறனாளிகளுக்கும் தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அந்த மையத்துக்கு அறிவுறுத்தும்படி கேளுங்கள். அடுத்து வருபவருக்கு அது பயன்படும். நாற்பது சதவீத ஊனம் என்ற அளவு இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான், பாகுபாட்டை எதிர்க்க அது தேவையில்லை. இருந்தாலும் உங்கள் அடையாள அட்டையின் நகலை இணைத்துவிடுங்கள்.

'உங்களுக்கெல்லாம்' என்ற சொல் சுட்டிருக்கும், புரிகிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்று மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் அவமதிக்கும் எண்ணம் இருந்ததை நிரூபிக்க வேண்டும், அந்த ஒரு சொல் அதற்குப் போதாது என்பது என் கருத்து. காவல் நிலையத்தில் தொடங்கினால் மற்ற இரண்டு வழிகளும் ஆறிப்போகும்.

இனி, நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி: நீங்கள் முழுகலாமா? உலகில் பலர் முழுகுகிறார்கள். அமெரிக்காவில் 1981லேயே மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஸ்கூபா சங்கம் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் ஊனத்தின் பெயரைப் பார்த்து அல்ல, நீருக்குள் ஒருவரால் என்ன செய்ய முடிகிறது என்பதைப் பார்த்து மூன்று நிலைகளாகச் சான்றிதழ் தருகிறார்கள். முதல் நிலைக்காரர் ஒரு துணையோடு முழுகலாம். இரண்டாம் நிலைக்கு இரண்டு துணை. மூன்றாம் நிலைக்கும் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். செயலிழந்த கால்கள் மேலே மிதந்துவிடாமல் கணுக்காலில் எடை கட்டுவார்கள், கைக்கு வாத்துக் கால் போன்ற சவ்வு உறை தருவார்கள். உடல் எடையே தெரியாத அந்த நீருக்குள் நாற்காலிக்கு என்ன வேலை?

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. காயம் முதுகெலும்பில் எந்த மட்டத்தில் என்று உங்கள் மருத்துவக் குறிப்பில் பாருங்கள். நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ இருந்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும் அபாயம் உண்டு. உணர்ச்சியில்லாத தோலில் படகுப் பலகை உரசினால் புண் வந்தது தெரியாது. ஆழத்திலிருந்து மேலே வரும்போது நீரின் அழுத்தம் குறைவதால் வரும் நோயின் அடையாளங்களில் ஒன்று கால் மரத்துப்போவது, உங்கள் காலில் அது தெரியாமல் போகலாம். ஆகவே முழுகும் முன் எங்கே உணர்ச்சி இருக்கிறது, எங்கே இல்லை என்பதை மருத்துவர் எழுதிவைத்திருக்க வேண்டும். பூம்புகாரில் 1991இல் ஆய்வாளர்கள் கண்ட குதிரைலாட வடிவக் கட்டுமானம் 23 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஒருநாள் முழுக்கில் 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். அடிப்படைச் சான்றிதழ் பெற்றாலும் 18 மீட்டர்தான். அந்தக் கட்டுமானம்வரை போக அதற்கு மேலும் படிக்க வேண்டும்.

இதை எழுதும்போது ஒரு நினைவு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீதிமன்றத்தில் என் கட்சிக்காரருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. எழுத்தர் கீழே இறங்கி வந்து, வேப்பமரத்தடியில் நின்றபடி கையெழுத்து வாங்கிப் போனார். எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்றார்கள். சாய்தளம் கட்டியிருந்தால் அந்தப் பெருந்தன்மைக்குத் தேவையே வந்திருக்காது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்கென்று மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். அந்தப் பிடிவாதம் நம் ஊர்க் கடற்கரைகளுக்கும் வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: முன்பதிவுச் செய்தி, பணம் கட்டிய ரசீது, நண்பர்கள் எடுத்த வீடியோ இருந்தால் அது, படிவம் தங்களுக்குக் கிடைத்ததாக அவர்கள் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். மறுவாழ்வு மருத்துவரிடம் உங்கள் நிலையை எழுத்தில் வாங்குங்கள். மையத்துக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்காதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. திருவாரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நோட்டீஸை அனுப்பும் முன் வரைவை எனக்கு அனுப்பிவைத்தால் திருத்தித் தருகிறேன்.