மாப்பிள்ளையின் துப்பாக்கியை இலேசாக்க நகையை வைக்கலாமா?

கேள்வி: புதுச்சேரி அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். வயது 63. முத்தியால்பேட்டையில் சொந்த வீடு. பென்ஷன் 42 ஆயிரம். வீட்டுச் செலவு போக மாதம் 12 ஆயிரம் மிஞ்சும், நகைக் கடன் வட்டியையும் அதில்தான் கட்டுகிறேன். ஒரே மகள் பிரான்சில், துலூஸ் நகரத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை அங்கே உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர். பெரும்பாலும் சனிக்கிழமைகளில் குழுவாகக் காட்டுப்பன்றி வேட்டை; வருடத்துக்கு ஒரு தடவை பிரனீஸ் மலைக்கு. துப்பாக்கி 30-06 ரகம், 56 மில்லிமீட்டர் ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) 4.6 கிலோ, தோள் வலிக்கிறது, ஒரு கிலோ குறைக்க 2,500 யூரோ ஆகும் என்று பட்டறைச் சீட்டை அனுப்பியிருக்கிறார். கழற்றும் பழைய குழலையும் கட்டையையும் (தோளில் அணைத்துப் பிடிக்கும் பாகம்) நம் வீட்டுச் சுவரில் மாட்ட அனுப்பி வைக்கிறாராம். ஏற்கெனவே மனைவியின் நகை மேல் 3.2 லட்சம் கடன், வட்டி 9.5 சதவீதம். நான்கு வருடம் முன்பு அவர் கார் வாங்க 1.4 லட்சம், இரண்டு வருடம் முன்பு துப்பாக்கிக்கு 80 ஆயிரம், போன வருடம் அவர்கள் வீடு மாற 1 லட்சம் எடுத்தது. நகை விலை ஏறியிருப்பதால் அதே நகை மேல் இன்னும் 2.5 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டதை எப்படி மறுப்பது? வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், ஐயா. ஏன் என்பதைத் துப்பாக்கியில் இருந்தே தொடங்குகிறேன். நீங்கள் தயங்குவது மாப்பிள்ளையின் தேவை உண்மையானதோ என்ற எண்ணத்தால்தான். அந்தச் சீட்டைப் பார்த்தால் தயக்கம் பாதி போய்விடும்.

சீட்டில் மூன்று இனம் இருக்கிறது. கார்பன் கட்டை, பொருத்துக்கூலியோடு 1,000 யூரோ. குறைவது 450 கிராம். கார்பன் சுற்றிய குழல், சோதனைக் கட்டணத்தோடு 1,200 யூரோ. குறைவது 80 கிராம். டைட்டானியத்தில் கைப்பிடிக் குமிழும் சில்லறைப் பாகங்களும் 300 யூரோ. குறைவது 50 கிராம். கூட்டினால் 580 கிராம்தான். மாப்பிள்ளை சொன்ன ஒரு கிலோ இந்தச் சீட்டில் இல்லை.

கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைப்போம். கட்டையில் ஒரு கிராம் குறைய 220 ரூபாய் ஆகிறது. டைட்டானியத்தில் 600 ரூபாய். குழலில் 1,500 ரூபாய். கார்பன் குழல் இப்போது வேட்டைக்காரர்களிடம் நல்ல விலைக்குப் போகிற சரக்கு. போட்டிச் சுடுதலுக்கான தடித்த இரும்புக் குழலோடு ஒப்பிட்டால் அது இலேசுதான். உங்கள் மாப்பிள்ளையிடம் இருப்பதோ சாதாரண வேட்டைத் துப்பாக்கி. அதன் குழல் ஏற்கெனவே மெல்லியது. மெல்லிய இரும்பை எடுத்துவிட்டு, இன்னும் மெலிந்த இரும்பின் மேல் கார்பனைச் சுற்றி மாட்டினால் எடை பெரிதாக எங்கே குறையும்? கூடவே பிரான்சில் புதுக் குழலைச் சோதனைச் சாலையில் சுட்டுப் பார்த்து முத்திரை வாங்க வேண்டும். சாந்த் எத்தியேன் நகரத்தில் அதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. அந்தச் செலவும் சேர்ந்துதான் 1,200 யூரோ.

இன்னொன்றைப் பட்டறைக்காரர் சீட்டில் எழுதமாட்டார். எடை குறைந்தால் தோளில் உதைப்பு கூடும். தோட்டாவும் வெடிமருந்தும் தள்ளுகிற உந்தம் மாறுவதில்லை. துப்பாக்கி இலேசானால் அது இன்னும் வேகமாகப் பின்னால் வருகிறது. அவர் பயன்படுத்தும் 30-06 ரகத் தோட்டாவில் 11.7 கிராம் குண்டு வினாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் போகிறது என்று எடுத்துக்கொண்டால், 4.6 கிலோ துப்பாக்கி சுமார் 23 ஜூல் ஆற்றலோடு உதைக்கும். 4 கிலோவில் அது 26, 27 ஜூல் ஆகிவிடும். அதாவது ஏழில் ஒரு பங்கு கூடுதல். தோள் வலிக்கிறது என்று தொடங்கியவருக்கு இது நல்ல மருந்து இல்லை. அடுத்து, உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் ஒரு தடுப்பு மாட்டச் சொல்வார்கள். அது தனிச் செலவு. குறைத்த எடையில் கொஞ்சம் திரும்பி வரும். பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் கேடு. உதைப்புக்குப் பயந்து சுடும் நொடியில் உடம்பு சுருங்குகிற பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அதை விரட்டப் பல பெட்டித் தோட்டாக்கள் தீர வேண்டும்.

சரி, எடை எங்கே உறுத்துகிறது? குழு வேட்டையில் அவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்று பன்றி வருவதற்குக் காத்திருக்கிறார். அங்கே 4.6 கிலோ சுமையே இல்லை. ஓடுகிற விலங்கைத் தொடர்ந்து குழலைத் திருப்பும்போது முன்பக்கம் சற்றுக் கனமாக இருப்பது கை ஆடாமல் காக்கும். மலை ஏறுகிற அந்த ஒரு பயணத்தில்தான் எடை தெரியும். அங்கேயும் முதுகுப் பையில் 10, 12 கிலோ இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. தோளில் தொங்கும் எடை பையில் இருக்கும் எடையைவிட அதிகமாக உறுத்தும் என்பது உண்மைதான். அதற்காக வருடத்தில் இரண்டு, மூன்று நாளுக்கு 2.5 லட்சமா?

மாப்பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். முதலில் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுக்கச் சொல்லுங்கள். அவருடைய ஸ்கோப் 56 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்டது. அந்த ரகம் 700 கிராம் வரை போகும். 36 அல்லது 40 மில்லிமீட்டர் ரகம் 400 கிராமுக்குள் கிடைக்கும். பெரிய ஸ்கோப்புக்குப் பழைய சந்தையில் நல்ல விலை உண்டு. விற்றுச் சின்னதை வாங்கினால் கையில் இருந்து போடுவது மிகக் குறைவு. அந்தி வெளிச்சத்தில் காத்திருந்து சுடுகிறவர் என்றால் மட்டும் மாற்ற வேண்டாம், மங்கலில் சின்னக் கண்ணாடி தோற்றுவிடும். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கி 200 கிராம். அலுமினியத் தாங்கி 90 கிராம், விலை 100 யூரோ. தோல் வார் 200 கிராம். நைலான் வார் 80 கிராம், விலை 25 யூரோ. இந்த மூன்றிலும் சேர்த்து 530 கிராம் குறைகிறது. பட்டறைச் சீட்டு 2,500 யூரோவுக்குத் தருவது 580 கிராம்.

ஸ்கோப்பை முடிவு செய்வதற்கு முன் தாங்கியை வாங்கக் கூடாது. ஸ்கோப்பின் உடல் சில ரகத்தில் 25.4 மில்லிமீட்டர், சிலதில் 30. மாறிப் போனால் தாங்கி வீண். மாட்டிய பிறகு குறி சரிபார்க்க 10, 15 தோட்டா செலவாகும். கட்டையை மாற்றும் ஆசை இதற்குப் பிறகும் விடவில்லை என்றால், குழலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் நுழைகிற இடைவெளி இருக்கும்படி ஒழுங்காகப் பொருத்துகிற ஆளிடம் மட்டும் கொடுக்க வேண்டும். உட்காரும் இடம் சரியில்லாத கார்பன் கட்டை, பழைய மரக்கட்டையைவிட மோசமாகச் சுடும். எதுவானாலும் அது அவர் சம்பாத்தியத்தில் நடக்கட்டும்.

இப்போது உங்கள் பக்கம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். நான்கு வருடத்தில் நீங்கள் கட்டிய வட்டி ஏறக்குறைய 78 ஆயிரம். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறீர்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் அசலை ஏற்றுகிறீர்கள். அந்தத் துப்பாக்கிக்கு எடுத்த 80 ஆயிரமே இன்னும் அடகில் கிடக்கிறது. அதே துப்பாக்கியை இலேசாக்க இன்னொரு கடன் என்கிறீர்கள். பிரான்சில் இருந்து பணம் வருகிற வீடுகளை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. உங்கள் வீட்டில் யூரோ சம்பளக்காரருக்குப் பென்ஷன் பணம் போகிறது.

இன்று முதல் மாதம் 12 ஆயிரம் கட்டினால் 3.2 லட்சம் 30 மாதத்தில் முடியும். வட்டி சுமார் 41 ஆயிரம். இன்னொரு 2.5 லட்சம் ஏற்றினால் கடன் 5.7 லட்சம், அதே 12 ஆயிரத்தில் 60 மாதம், வட்டி சுமார் 1.48 லட்சம். ஆக அந்த 580 கிராமுக்கு உண்மையான விலை 3.5 லட்சத்துக்கு மேல். பணம் அனுப்பும் கட்டணமும் மாற்று விகிதத்தில் வங்கி பிடிப்பதும் தனி. உங்களுக்கு 68 வயது ஆகும்வரை நகை வீட்டுக்கு வராது. நடுவில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் கையில் வைக்க வேறு என்ன இருக்கிறது?

விலை ஏறியிருக்கிறது, இன்னும் தருகிறோம் என்று தொலைபேசியில் அழைப்பவர்களிடம் கவனமாக இருங்கள். நகை விலை ஏறினால் உங்கள் வருமானம் ஏறவில்லை. கடன் வாங்கும் எல்லை மட்டும்தான் ஏறியது. விலை இறங்கினால் கூடுதல் நகையோ பணமோ கேட்பார்கள். தவறினால் ஏலம்.

அடுத்த முறை புதுப்பிக்கும்போது எல்லா நகையையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். மூன்று தனிக் கணக்காகப் பிரித்து வைக்கக் கேளுங்கள். சிறியதை முதலில் அடைத்தால் அந்த வளையலோ சங்கிலியோ சில மாதத்திலேயே உங்கள் மனைவி கைக்கு வந்துவிடும். மாதா மாதம் கட்டும் பணம் வட்டி போக அசலில் கழிகிறதா என்று ரசீதில் பாருங்கள்; சில இடங்களில் எழுதிக் கேட்டால்தான் அப்படிக் கழிப்பார்கள். அடகுச் சீட்டில் கல் நீக்கிய நிகர எடை சரியாக எழுதியிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

மறுப்பது எப்படி என்று கேட்டீர்கள். மகள் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். அவளை நடுவில் நிறுத்த வேண்டாம். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசி எண்ணைச் சொல்லுங்கள்: "நகை மேல 3.2 லட்சம் இருக்கு மாப்பிள்ளை. முப்பது மாசத்துல மீட்கப் போறேன். அதுவரை புதுசா எதுவும் எடுக்க மாட்டேன்." இவ்வளவு போதும். கார், துப்பாக்கி, வீடு என்று மூன்று முறை மறுக்காமல் கொடுத்த வீட்டில் இன்னும் கடன் நிற்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த நகை கடைசியில் அவர் மனைவிக்குத்தான் போகப் போகிறது என்பதையும் சொல்லுங்கள். மனம் கேட்கவில்லை என்றால், தாங்கிக்கும் வாருக்குமான 12,500 ரூபாயை ஒரு மாதப் பென்ஷனில் ஒதுக்கி, மகள் ஊருக்கு வரும்போது கையில் கொடுங்கள். இந்தச் சின்னத் தொகையை வங்கி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் கட்டணமே அதிகம்.

கடைசியாக, பழைய குழல். துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான் என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்; உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்வது குற்றம். சுவரில் அழகுக்கு மாட்டியது என்று சொன்னால் சுங்கத்தில் எடுபடாது, வழக்கு உங்கள் பெயரில் வரும். கட்டையையும் சேர்த்து எதையும் அனுப்ப வேண்டாம் என்று இன்றே செய்தி அனுப்பிவிடுங்கள்.