புயல் மேல் பழி போட்டுப் பதில் நோட்டீஸ் எழுதாதீர்கள்

கேள்வி: சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டுத் தகர ஷெட் போட்டிருந்தோம். புயலன்று 70, 80 கிலோமீட்டர் வேகக் காற்றில் கூரை பறந்து பக்கத்து வீட்டுக் கார் மேல் விழுந்தது. அவருடைய அம்மாவுக்குக் கையில் எலும்பு முறிவு. ஏற்கெனவே சுவர்த் தகராறில் எங்கள் மேல் கடுப்பில் இருந்தவர், ஆறு லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?

பதில்: சுவர்த் தகராறை விடுங்கள். எந்தக் கோபத்தில் நோட்டீஸ் வந்தது என்று நீதிபதி கேட்க மாட்டார். அந்த ஷெட் எவ்வளவு காற்றைத் தாங்கியிருக்க வேண்டும் என்றுதான் கேட்பார்.

கட்டுமானம் எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. 'தற்காலிக ஷெட்தானே' என்பீர்கள். சரி, அதற்காக 0.70-ஆல் பெருக்கிக் குறைத்தாலும் கணக்கு 126 கி.மீ.யில்தான் ஆரம்பிக்கும். உங்கள் கூரை 80-க்கே போய்விட்டது. யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத சீற்றம் என்றால்தான் 'கடவுள் செயல்' வாதம் நிற்கும். 2016-இல் வர்தாவைப் பார்த்த ஊரில் அதைச் சொல்ல முடியாது. டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்த வழக்கில், குறை கண்ணுக்குத் தெரியாததாக இருந்தாலும் உரிமையாளர் தப்ப முடியாது என்று 1966-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி நான் பயப்படும் இடம். என்னிடம் வரும் பலர் அதற்குள் தாங்களே பதில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வருகிறார்கள். 'இன்ஜினியர் வைக்கவில்லை, தெரிந்த வெல்டர்தான் போட்டார்', 'போன மழைக்கே கொஞ்சம் ஆடியது' என்றெல்லாம் நல்ல மனதோடு எழுதிவிடுகிறார்கள். ஆபத்து முன்பே தெரியும் என்பதற்கு எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல சாட்சியம் வேண்டாம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். போலீஸுக்குப் போனால் இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அப்போது அதே காகிதம் அந்த வழக்கிலும் வந்து நிற்கும். வெல்டர் மேல் கைகாட்டலாம் என்றால், பில் இருக்கிறதா? இருந்தாலும் அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு.

அப்புறம், கிழிந்த தகரத்தையும் அதைக் குழாயோடு பிடித்திருந்த வளைந்த ஜே போல்ட்டையும் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள். குழாயின் அடியில் உள்ள பேஸ் பிளேட் தளத்திலிருந்து பிய்ந்ததா, போல்ட் மட்டும் உருவியதா என்பது தொகையைப் பேசும்போது உதவும். தடயத்தை மறைத்தார் என்ற பேரும் வராது.

வழக்கு நடத்த வேண்டாம், பேசி முடியுங்கள். ஆறு லட்சத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பில், ஒர்க்‌ஷாப் பில் இரண்டையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் 'போலீஸ் புகார் கொடுக்க மாட்டேன்' என்று பேரம் எழுதாதீர்கள், அது செல்லாது. பணம் கைமாறும் முன் கார் இன்ஷூரன்ஸில் அவர் க்ளைம் வாங்கிவிட்டாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கியிருந்தால் அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கும் உரிமை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போயிருக்கும். அதை விசாரிக்காமல் அவரிடம் கொடுத்துவிட்டு, ஒரே காருக்கு இரண்டு முறை பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.